காப்பு கட்டிக்கொண்ட கை

நான் படித்த படிப்பின் பெயரை எங்கள் தெருவில் யாரும் ஒருமுறைகூட முழுசாகச் சொன்னது கிடையாது. வளர்ச்சி ஆய்வியலும் சமூக அறிவியலும் சேர்ந்த ஐந்து வருஷப் படிப்பு. பி.ஏ.வையும் எம்.ஏ.வையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு வெளியே வரலாம். தியாகதுருகத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊருக்கு நர்சு படிப்பு தெரியும், டீச்சர் படிப்பு தெரியும், போலீஸ் செலக்‌ஷன் தெரியும். இது தெரியாது. வளர்ச்சி என்றால் எதை வளர்ப்பது, கோழியா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். உங்கள் அறிவைத்தான் என்று நான் சொல்லப்போக, அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு அப்போதிலிருந்தே வாய் அப்படி.

அப்பா கரும்பு வெட்டுகிற ஆள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. என்னைச் சென்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டபோது அந்தப் படிப்பு என்ன என்று அவரும் கேட்கவில்லை. படிக்கிறாளா, படிக்கட்டும், அவ்வளவுதான். ஆனால் பெயிலாவது என்பது அவருக்குப் புரியாத சங்கதி. வெட்டப் போனால் வெட்டிவிட்டுத்தானே வர வேண்டும், பாதியில் எப்படி வருவாய் என்பது அவர் கணக்கு. நானோ புள்ளியியல் தாளில் இரண்டு முறை பெயிலாகியிருந்தேன். எங்கள் கல்லூரியில் முதல் மூன்று வருஷத்துத் தாள் அத்தனையும் தேறினால்தான் நாலாம் வருஷத்துக்குள் கால் வைக்க முடியும். திட்ட விலக்கம் என்கிற ஒரு சனியன் என் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றது. இரண்டாவது முறை ரிசல்ட் வந்த அன்று அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு தபா ஆயிடுச்சு. மூணாவது தபாவும் போச்சுன்னா மூட்டய கட்டிக்கினு வந்துடு. வந்து கத்தியப் புடி.”

அப்பா ஒன்றை இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை. அம்மாவுக்கோ உள்ளுக்குள் நிம்மதி. அவள் கண்ணில் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை வீடு இருந்தது.

மூன்றாம் வருஷம் முடிகிற கோடையில் எங்களை இரண்டு இரண்டு பேராகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் அங்கேயே தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, ஒரு ஆய்வு எழுதிக்கொண்டு வர வேண்டும். எனக்குக் கரியாலூருக்கு அப்பால், கல்வராயன் மலையின் உள்ளே ஒரு ஊர். கூட வந்தவள் சென்னைக்காரி. நல்ல பெண், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் எதைத் தொட்டாலும் சானிடைசர் போடுவாள். மலையிலிருந்து கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது எங்கள் ஆய்வு. நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று எவ்வளவு விளக்கினாலும் ஊருக்கு நாங்கள் டீச்சர்தான்.

தங்கிய வீட்டில் மூன்று பேர். ஒரு மாமியார், அவர் மகன், மருமகள். மகன் காப்பித் தோட்டத்து வேலையிலிருந்து ஊர்த் திருவிழாவுக்காக வந்திருந்தார். மருமகளுக்கு வயிற்றில் எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாகக்கூட இருந்திருப்பாள். இருந்தாலும் கழுத்தில் தாலியும் வயிற்றில் பிள்ளையுமாக நிற்கிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வரவில்லை. அக்கா என்றேன். பத்தாவது பரிட்சைக்கு முன்னாலேயே அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்களாம். அதனாலோ என்னவோ, என் புள்ளியியல் புத்தகத்தின் மேல் என்னைவிட அவளுக்குத்தான் ஆசை. சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டு, புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சூத்திரம் ஒப்பிக்கச் சொல்வாள். ஒரு எழுத்து தப்பினாலும் விடமாட்டாள். கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் என்னை அப்படி வாட்டியதில்லை.

இப்போது காப்புக்கு வருகிறேன்.

அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டுகிறார்கள் என்று எங்களையும் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். விரதம் இருக்கிறவர்கள் வரிசையாக நின்று கையை நீட்ட, மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைப் பூசாரி கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பாடத்தில் ‘பங்கேற்று உற்றுநோக்கல்’ என்று ஒரு அத்தியாயம் உண்டு. எட்ட நின்று வேடிக்கை பார்க்காதே, அவர்களில் ஒருத்தியாக இறங்கிப் பார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அதை நான் ரொம்ப நம்பினவள். யாரும் கேட்கவில்லை, யாரும் அழைக்கவில்லை. நானே போய்க் கையை நீட்டினேன். சென்னைக்காரி மஞ்சள் தனக்கு அலர்ஜி என்று பின்வாங்கினாள். பங்கேற்பு பங்கேற்பு என்று பேப்பர் பேப்பராக எழுதுவாய், மஞ்சளைப் பார்த்தால் ஓடுவாய் என்று அவளைக் கிண்டல் வேறு செய்தேன்.

பூசாரி என் கையைப் பார்த்துவிட்டு ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். அந்த ஊருக்குத் தலைவர் அவர்தான். தெரிந்துதான் நீட்டுகிறாயா என்று அவர் என்னைக் கேட்டார். தெரியும் ஐயா என்றேன். பொய்யில்லை. தெரியும். காப்பு கட்டினால் செருப்புப் போடக்கூடாது, கறி தின்னக்கூடாது, காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. மாசம் முடிகிற வரைக்கும் நான் எங்கே போகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கட்டிவிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு அப்படியே புல்லரித்துப் போனது.

காப்பு கட்டாத மற்றவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. திருவிழா முடிகிற வரைக்கும் ஊரார் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. அதனால் நிறைமாதக்காரிகளைக் காப்புக்கு முன்னாலேயே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, விழா முடிந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று மாமியார் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அந்த ஊரில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல்தான். காப்பு கட்டிய மறுநாள் அதன்மேல் ஏறி நின்றபோது கல்லூரியிலிருந்து செய்தி வந்து விழுந்தது. அடுத்த மாதம் என்று சொல்லியிருந்த அரியர் தேர்வை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புள்ளியியல் தேர்வு, காப்பு அவிழ்ப்பதற்கு முன்னால். பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேரே ஊர்க்கவுண்டரிடம் போனேன். போய் எழுதிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றேன். அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். முன்பொரு திருவிழாவில் காப்பு கட்டின ஒருவன் யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போனான், அந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சலில் படுத்தது, யார் வீட்டு ஆளோ அந்த வீட்டோடு ஊர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

“கட்டாயப்படுத்தி கட்டலம்மா. நீயாதான் நீட்டின. எந்த வூட்ல சோறு தின்றியோ அந்த வூட்டு மேலதான் வரும், பாத்துக்க.”

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதுதானே எனக்குக் கைவந்த கலை. ஆனால் யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. எதிரில் வந்தவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். யாரோ என் செருப்பைப் பத்திரமாகக் கூரையில் செருகி வைத்துவிட்டார்கள். நான் தினமும் போய்க் கேட்டேன். அவர்கள் தினமும் தலையை ஆட்டிவிட்டு மோர் கொடுத்தார்கள். என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் சென்னைக்காரி மேல் கொட்டினேன். பாவம், அவள் வாங்கிக்கொண்டாள்.

வழி சொன்னது அக்காதான். மரவள்ளிக் கொல்லையைத் தாண்டி ஒரு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது, விடிவதற்குள் இறங்கினால் கீழே ரோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து ராத்திரிக்குள் சென்னை. மறுநாள் காலையில் தேர்வு. உங்கள் வீட்டின் மேல் பழி வருமே என்றேன். அவள் சிரித்தாள்.

“நான் பேசிக்கறேன். நீ போயி எழுது டீச்சர். இத்தன நாளு ஒப்பிச்சது எதுக்கு?”

எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் அந்த ஒரு வாக்கியம் காதிலேயே நின்றது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலேயே பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

அன்று உச்சி வேளையில், வீட்டுக்குப் பின்னால் அக்கா என்னைக் கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். புடவையெல்லாம் ரத்தம். கால் வழியாக இறங்கி மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. வலி இல்லை, ஆனால் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் கத்திக் கூப்பிட்டேன். மாமியார் வந்து பார்த்தார். நான் பெற்றதெல்லாம் வீட்டில்தான், சிலருக்கு முன்கூட்டியே இப்படிக் கொஞ்சம் படும் என்று சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு பழம்புடவையைக் கிழித்து மடித்தார்.

சென்னைக்காரி பாறைக்கு ஓடி 108-க்குப் போன் போட்டாள். உடனே கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் வண்டி வரும், அங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள். அந்த இடம் எல்லைக்கல்லுக்கு அப்பால். தூக்க ஆள் வேண்டும். ஆளெல்லாம் கோயிலில் இருந்தார்கள்.

நான் கோயிலுக்கு ஓடினேன். ஓடிப் போய், மூச்சு வாங்க, இப்போதே கீழே இறங்கியாக வேண்டும் என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. இறங்கியாக வேண்டும். அதைத்தானே நான் தினமும் வந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர்க்கவுண்டர் என் முகத்தையே பார்த்தார். ரத்தம் போகிறது, உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் அப்புறம்தான் சொன்னேன். அதற்குள், அக்கா பின்கட்டில் இருப்பது தெரியாமல் வீட்டுக்குள் தேடிப் போன ஒரு பெண், கதவுக்குப் பின்னாலிருந்த என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் வைத்தாள்.

“இது இன்னாம்மா?” என்றார் ஊர்க்கவுண்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் ஒரு ஆள் சொன்னார். “நேத்து வரைக்கும் பரிச்சன்னு கேட்டுப் பாத்துச்சு. நாம வுடல. இன்னிக்கு புள்ளத்தாச்சிய சாக்கு வெச்சிக்கினு எறங்கப் பாக்குது.”

எனக்கு வந்ததே கோபம். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உங்களுக்கே பதைக்கவில்லையா என்பது வரைக்கும் கேட்டுவிட்டேன். கேட்கக் கேட்க அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போனது. சென்னைக்காரி வந்து அழுதாள். அவளை என் கூட்டாளி என்று பார்த்தார்கள். நான் எதைச் சொன்னாலும் அது அவர்கள் காதில் பரிட்சை என்றே விழுகிறது என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. நான் கத்துகிற ஒவ்வொரு நிமிஷமும் அங்கே அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. என் வாயால்தான் அவள் போவது தடைபடுகிறது.

பையைத் தூக்கிக்கொண்டேன். காப்பு கட்டினவர்கள் உட்காரும் பந்தலுக்குள் போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“நான் போகல. காப்பு அவுக்கற வரைக்கும் எல்லையத் தாண்ட மாட்டேன். அவங்கள மட்டும் அனுப்புங்க.”

பரிட்சை எப்போது என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். நாளை மறுநாள், நாளைக்கு விடியற்காலை கிளம்பினால்தான் உண்டு என்றேன். அப்போது அக்காவின் புருஷன் எழுந்தார். அவரும் காப்பு கட்டினவர். கரகம் தூக்குகிறவர். அதுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அனுப்புங்க. எது வந்தாலும் என் தல மேல வரட்டும்,” என்றார்.

அதற்குமேல் ஊர்க்கவுண்டர் தாமதிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, இதை நான் எங்கேயும் சொல்வேன். காப்பு கட்டாத ஆண்களைக் கூப்பிட்டுத் தூளி கட்டச் சொன்னார். தானே எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு எல்லைக்கல்லுக்கு நடந்தார். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காப்புக் கை ஒன்றுகூட அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. அதாவது புருஷனும் போக முடியாது, நானும் போக முடியாது. மாமியாரும் சென்னைக்காரியும்தான்.

கல் வரைக்கும் தூளியோடு ஓடினேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். கோயிலில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கல்லுக்கு இந்தப் பக்கம் நான் நின்றதும் அவள் கண் திறந்தாள்.

“நீயும் வா டீச்சர். அங்க எனக்கு யாரையும் தெரியாது.”

எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியின் எந்தக் கேட் வழியாகப் போவது, பிரசவ வார்டு எங்கே, எல்லாம் தெரியும். தம்பி பிறந்ததும் அங்கேதான், அப்பா கையில் கரும்புக் கத்தி இறங்கியபோது தையல் போட்டதும் அங்கேதான். மாமியார் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. சென்னைக்காரிக்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுகூடத் தெரியாது. போக வேண்டியவள் நான்தான். ஊர்க்கவுண்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அடி வைத்தால் தூளி அங்கேயே இறங்கிவிடும். அவள் விரல்களை நான்தான் பிரித்தேன். அவள் விடவில்லை, மறுபடி பிடித்தாள். மறுபடி பிரித்து என் கையை இழுத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

வளைவில் இறங்கினால் சிக்னல் கிடைக்கும், எங்கள் அப்பாவுக்குப் போன் போடு, அவர் வருவார் என்று சென்னைக்காரிக்குப் பின்னாலிருந்து கத்தினேன். காது கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

சாயங்காலம் பாறையில் அப்பாவின் குரல் கிடைத்தது. ஆபரேஷன் ஆகிவிட்டது, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டது, ஆண் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றார். நீ ஏன் இன்னும் மலையில் இருக்கிறாய் என்று கேட்பார் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. வைத்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு யாரும் காவல் இல்லை. மரவள்ளிக் கொல்லை அப்படியே இருக்கிறது, பாதையும் அப்படியே இருக்கிறது. அக்காவின் புருஷன் பந்தலில் பக்கத்திலேயே படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். போறதுன்னா போ, நான் பார்க்கலை என்று மெதுவாகச் சொன்னார். ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது, எதற்குப் பொய் சொல்ல வேண்டும். போனால் தேர்வு எழுதிவிடலாம், தேறிவிடக்கூடச் செய்யலாம், அந்த முறை எனக்குத் திட்ட விலக்கம் தண்ணிபட்ட பாடாக வந்திருந்தது. ஆனால் நான் போய்விட்டால் அந்த ஆள் சொன்னது சரி என்றாகிவிடும். புள்ளத்தாச்சியைச் சாக்கு வைத்துத்தான் இறங்கினாள் என்றாகிவிடும். அடுத்தமுறை இந்த ஊரில் ஒருத்திக்கு ரத்தம் போகும்போது யாராவது ஓடிவந்து சொன்னால், அப்போதும் முதலில் பையைத்தான் தேடுவார்கள். நான் போகவில்லை. வெளிச்சம் வந்தபிறகு வயிறு எரிய எரிய அழுதேன்.

தேர்வு நாளன்று காலை மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் புருஷன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்நேரம் பரிட்சை ஆரம்பித்திருப்பார்களா என்று. ஆரம்பித்திருப்பார்கள் என்றேன்.

அன்று மாலை அப்பாவின் போன் மறுபடி வந்தது. குழந்தை போய்விட்டது. நான்தான் பாறையிலிருந்து இறங்கி வந்து அக்காவின் புருஷனிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்க்கவுண்டர் வந்து அவர் தோள்மேல் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லை தாண்டியதால்தான் என்று ஒருவர்கூட என் காதுபட சொல்லவில்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ எனக்கே தெரியாது.

காப்பு அவிழ்த்த அன்றே அக்காவின் புருஷனும் நானும் இறங்கினோம். கள்ளக்குறிச்சி வரைக்கும் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனைதான். அப்பாவுக்கு என்ன சொல்வது? பெயில் இல்லை அப்பா, எழுதவே இல்லை என்று சொன்னால் அது என்ன கணக்கு? பாதி வெட்டியதுகூட இல்லை, வயலுக்கே போகவில்லை. மூன்றாவது முறை போய்விட்டது. கத்தி பிடிக்கத் தெரியாத கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பா வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணாத முகம், கசங்கின வேட்டி. போன் வந்த அன்றிலிருந்து வேலைக்கே போகவில்லையாம். ரத்தம் வேண்டும் என்றதும் தன்னோடு கரும்பு வெட்டுகிற ஆட்களை வயலிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு வந்தாராம். மாமியார் அவரை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டு, எதற்கெடுத்தாலும் அவர் முகத்தைப் பார்த்தார். சென்னைக்காரி தரையில் துண்டை விரித்துச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தரையில், சானிடைசர்கூட இல்லாமல். அப்பா என்னைப் பார்த்தார். முதலில் உள்ளே போய்ப் பார் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவின் புருஷன் முதலில் போய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். உள்ளே போகுமுன் மாமியார் என் காதில் சொன்னார், குழந்தையைக் கொண்டுபோனபோதுகூட அவள் ஒரு சொட்டு அழவில்லை, புருஷனைப் பார்த்தும் அழவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று. பார்வை நேரம் என்பதால் கதவு திறந்திருந்தது. அப்பா கதவோரமாக வந்து நின்றுகொண்டார்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கட்டிலோரம் நின்றதும் திரும்பினாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

“பரிச்ச நல்லா எழுதினியா?”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் கையை இழுத்துக்கொண்டதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியற்காலை அந்தப் பாதையில் இறங்கிப் போவதற்காகத்தான் வண்டியில் ஏறவில்லை என்று. அப்படி நினைத்துக்கொண்டே ஆபரேஷனுக்குப் போயிருக்கிறாள். அதையும் தப்பென்று நினைக்காமல், நன்றாக எழுதினாயா என்று கேட்கிறாள்.

“போகலக்கா,” என்றேன்.

“அப்ப ஏன் எங்கூட வரல?”

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அப்புறம் சொன்னேன். பையைக் கொண்டுவந்து வைத்தது, அந்த ஆள் சொன்னது, நான் பந்தலில் உட்கார்ந்தது, கல்லுக்குப் பக்கத்தில் ஊர்க்கவுண்டர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் வாய் கோணிக்கொண்டு போனது. என் கையைத் தேடிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு, அந்த நாலைந்து நாளும் அழாதவள், வயிற்றுத் தையல் இழுக்க இழுக்க அழ ஆரம்பித்தாள்.

“ரெண்டு பேருக்குமே போச்சா டீச்சர்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் இதுவும் ஒன்றா அக்கா, எதை எதோடு சேர்த்துச் சொல்கிறாய் என்று அவளைத் திட்டினேன். திட்டிக்கொண்டே நானும் அழுதேன். அவள் நிறுத்தவில்லை. ஒப்பித்தோமே, எல்லாம் சரியாகச் சொன்னாயே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கதவோரம் நின்றிருந்த அப்பா ஒரு அடி உள்ளே வந்தார். பெண்கள் வார்டு என்பதால் தலையைக் குனிந்தபடியே பேசினார்.

“அழாதம்மா. இவுளுது எங்கயும் போகல. ஒரு வருசம் என்கூட கரும்பு வெட்டட்டும். அடுத்த வருசம் போயி எழுதுவா.”

அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார்.